இரண்டாவது பிரேக்

ஈஸ்டருக்கு முந்தைய நாற்பது நாள் தவக்காலம் தொடங்குகிற சாம்பல் புதனன்று டிரைவிங் மாஸ்டர் ஒரு சபதம் எடுத்தார். மறுநாளே அதை மறந்துவிடவும் ஆசைப்பட்டார். வீட்டில் விட்டால்தானே!

முதலில் டீயை விடுவதாகத்தான் சொன்னார். வருஷா வருஷம் தவக்காலம் வந்தால் டீயை விட்டுவிட்டுக் காபிக்கு மாறிக்கொள்வது அவர் வழக்கம். நர்ஸ் மனைவி இந்த முறை ஒப்புக்கொள்ளவில்லை.

"டீ பாட்டுக்கு இருக்கட்டும். நாப்பது நாள் கத்தாம இருங்க. கத்தாம எனக்குக் கார் ஓட்டக் கத்துக்கொடுங்க."

தனித்தனியாகக் கேட்டிருந்தால்கூடச் சமாளித்திருப்பார். இரண்டையும் சேர்த்துக் கேட்டதுதான் கொடுமை. பதினோரு வருஷத்துக்கு முன்னால் அவர் போட்ட சத்தத்தில், பாடத்தின் நடுவிலேயே காரை விட்டு இறங்கி, விடுவிடுவென்று நடந்தே வீட்டுக்கு வந்தவள் அவள். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கைத் தொட்டதே இல்லை. அந்த நாளைப் பற்றி அந்த வீட்டில் யாரும் வாய் திறந்ததும் இல்லை.

இப்போது ஏன் தொடுகிறாள் என்றால், காரணம் இருக்கிறது. ஆற்றுக்கு அக்கரையில் உள்ள கிளினிக்கில், வீடு வீடாகப் போய்ப் படுக்கையில் கிடப்பவர்களைக் கவனிக்கிற வேலை கனிந்து வந்திருக்கிறது. இருபது வருஷமாக அவள் ஆசைப்பட்ட வேலை. காரை அவர்களே கொடுப்பார்கள். லைசென்ஸை மட்டும் ஈஸ்டருக்கு மறுநாள் காலையில் காட்டியாக வேண்டும்.

இன்று தவக்காலத்தின் முப்பத்து மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை. ஒன்பதரை மணிக்கு அவளுக்கு டெஸ்ட்.

* * *

ஃபிரிட்ஜ் கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. நாற்பது கட்டங்கள். மகள் கல்லூரிக்குக் கிளம்பும் அவசரத்திலும் பென்சிலோடு அதன் முன்னால் நின்றாள்.

"அப்பா, நேத்துக்கு என்ன போடட்டும்?"

"டிக் போடு."

"ஒரு பஸ்காரரை என்னமோ சொன்னீங்களாமே, அம்மா சொன்னா."

"அது கண்ணாடியை ஏத்திவிட்டுட்டுச் சொன்னது. அவருக்குக் கேக்கல."

"கடவுளுக்குக் கேட்டிருக்குமே?"

"அவர்கிட்ட நான் தனியாப் பேசிக்கிறேன். நீ டிக்கைப் போடு."

மகள் சிரித்துக்கொண்டே டிக் போட்டாள். இந்தத் தாளின் வரலாற்றில் ஒரு பெரிய வழக்கே நடந்திருக்கிறது. தவக்காலக் கணக்கில் ஞாயிற்றுக்கிழமை சேராது, ஆகவே ஞாயிறன்று கத்தலாம் என்று மாஸ்டர் முதல் வாரமே சட்டம் பேசினார். "அப்போ ஞாயித்துக்கிழமை நான் சமைக்கலாமா கூடாதான்னும் பார்த்துச் சொல்லுங்க" என்றாள் மனைவி. வழக்கு அத்தோடு தள்ளுபடியானது. ஞாயிறுக்குத் தாளில் கட்டமும் இல்லை, கத்த அனுமதியும் இல்லை.

முப்பத்திரண்டு கட்டங்களில் ஒன்றே ஒன்றில்தான் பெருக்கல் குறி. அது பங்குச் சாமியாரால், அதாவது அவர்கள் கோயில் ஃபாதரால் வந்தது.

சாமியாரும் மாஸ்டரிடம்தான் கார் பழகுகிறார். நோயாளிகளுக்கு நற்கருணை அப்பம் கொண்டு போக பஸ்ஸுக்குக் காத்து நின்று மனிதர் இளைத்துவிட்டார். நல்ல மனுஷர், தங்கமான குணம். கிளட்ச்சுக்கும் அவருக்கும் மட்டும் ஆகாது. இரண்டு முறை டெஸ்டில் கோட்டை விட்டாயிற்று. மூன்றாவது வாரம், ஒருவழிப் பாதையில் எதிர்ப்பக்கமாக நுழைந்து, எதிரே வந்த லாரியைப் பார்த்து அன்போடு புன்னகைத்தார். மாஸ்டருக்கு அடிவயிற்றிலிருந்து வந்தது.

"கண்ணு என்ன பிடரியிலயா இருக்கு?"

தெரு முழுக்கக் கேட்டது.

மறுநாள் சனிக்கிழமை, மாஸ்டர் கோயிலில் தட்டிக்குப் பின்னால் இருக்கும் குருவிடம் தன் பாவங்களைச் சொல்லி, பாவசங்கீர்த்தனம் செய்யப் போகிற நாள். மண்டியிட்ட பிறகுதான், தட்டிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது யார் என்பதே அவருக்கு உறைத்தது. அங்கே பேசியது வெளியே வரக் கூடாது. மாஸ்டரே வீட்டுக்கு வந்து சொல்லிச் சிரித்ததால் நமக்குத் தெரியும்.

"ஒருத்தர் மேல கோபப்பட்டுக் கத்திட்டேன் ஃபாதர்."

"அவர்கிட்ட மன்னிப்புக் கேட்டீங்களா?"

"இப்போ கேட்டுக்கிட்டுத்தான் இருக்கேன் ஃபாதர்."

தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து அடக்க முடியாமல் ஒரு சிரிப்பு வந்தது.

"மாஸ்டர், நான் இந்தப் பங்குக்கு வந்து ஏழு வருஷம். ஏழு வருஷமா இதே ஒரு பாவத்தைத்தான் கொண்டு வர்றீங்க. புதுசா ஒண்ணுமே இல்லையா?"

அதற்குப் பிறகு சாமியார் சொன்னது சின்ன விஷயம். கத்த வேண்டும் என்று தோன்றும்போது ஒரே ஒரு வரி, 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று மனதுக்குள் சொல்லிப் பார்க்கச் சொன்னார். மாஸ்டர் சொன்னார். முதலில் பல்லைக் கடித்துக்கொண்டு ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுகிற மாதிரிதான் சொன்னார். ஜெபம் என்று அதைச் சொன்னால் ஜெபத்துக்கே அவமானம். தினமும் காலையில் கோயிலில் ஐந்து நிமிஷம் போய் உட்காரவும் செய்தார். எதுவும் நடக்கவில்லை. பீடத்தில் பூ இல்லை, சொரூபங்களுக்கெல்லாம் தவக்காலத்து ஊதாத் துணி போர்த்தியாகிவிட்டது, பார்ப்பதற்குக்கூட அங்கே ஒன்றும் இல்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்துவிட்டு எழுந்து வருவார்.

ஆனால் நான்காவது வாரம் ஒரு காலையில், யாரும் எந்தத் தப்பும் செய்யாதபோதே, சிக்னலில் சும்மா நின்றிருக்கையில் அந்த வரி தானாக வந்தது. மாஸ்டருக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. யாரிடமும் சொல்லவில்லை. அடி மேல் அடி வைத்தால் அம்மியும் நகருமாம். நம் மாஸ்டர் அம்மியைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

"என்னங்க, மணி எட்டேகால்." மனைவி வாசலில் நின்றாள். டெஸ்டுக்கென்று தட்டையான செருப்பு போட்டிருந்தாள். "சாவியை நீங்க எடுக்கறீங்களா, நான் எடுக்கவா?"

"நீயே எடு. இன்னிக்கு நீதான் டிரைவர்."

"அப்பா, டெஸ்ட் முடியற வரைக்கும் வாயைத் திறக்காதீங்க" என்றாள் மகள்.

"வாயைப் பத்தி எனக்குப் பயமில்ல" என்றாள் மனைவி. "இவர் காலைப் பத்தித்தான் பயம்."

* * *

அந்தக் காலைப் பற்றி இங்கே சொல்லிவிட வேண்டும்.

பயிற்சிக் காரில் பக்கத்து சீட்டின் கீழேயும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் பிரேக்கும் இதுவும் ஒரே கம்பியில் இணைந்தவை. ஒன்று கீழே போனால் இன்னொன்றும் கீழே போகும். மாஸ்டரின் கால் இந்த இரண்டாவது பிரேக்கில் பட்டால் 'டிங்' என்று ஒரு மணி அடிக்கும். இருபத்திரண்டு வருஷமாக அந்தக் கால் அங்கேயே குடியிருக்கிறது. ஆடின காலும் பாடின வாயும் சும்மா இருக்குமா? கல்யாண வீட்டுப் பந்தியில் உட்கார்ந்திருக்கும்போதுகூட, பரிமாறுகிறவர் வேகமாக வந்தால் மேஜைக்கடியில் மாஸ்டர் கால் அழுத்தும்.

மணிச் சத்தம் கேட்டாலே மனைவிக்கு உடம்பு தூக்கிப்போட்டது. இரண்டாவது வாரமே மாஸ்டர் குனிந்து அந்த மணியின் ஒயரைப் பிடுங்கிவிட்டார். டெஸ்டுக்கு முன்னால் மறுபடி மாட்ட வேண்டும் என்று நினைத்திருந்தார். இன்று கிளம்பிய பரபரப்பில் அதைச் சுத்தமாக மறந்தும் போனார்.

டெஸ்டின் விதி எளிது. ஓட்டுகிறவர் பக்கத்தில் மாஸ்டர் உட்கார வேண்டும். அதிகாரி பின்சீட்டில். மாஸ்டர் வாய் திறக்கக் கூடாது. கால் இரண்டாவது பிரேக்கில் பட்டால் அந்த நிமிஷமே டெஸ்ட் செல்லாது.

இன்றைக்கு வந்த அதிகாரி ஓர் அம்மாள். மூக்குக் கண்ணாடிக்கு மேலாகப் பார்ப்பவர். சிரிப்பை வீட்டில் பூட்டி வைத்துவிட்டு வந்தவர் போல இருந்தார். கதவைச் சாத்தினார், அட்டையில் தாளைச் செருகினார், "கிளம்பலாம்" என்றார்.

நர்ஸம்மா கிளம்பினாள்.

நன்றாகத்தான் ஓட்டினாள். கண்ணாடியைப் பார்த்தாள், இண்டிகேட்டர் போட்டாள், கியர் மாற்றியது காதிலேயே விழவில்லை. ஊசி போடுகிற கை அல்லவா, பதறாத கை. ரவுண்டானாவில் மூன்று பஸ்கள் முட்டிக்கொண்டு நின்றபோதும் பொறுமையாக நின்று, இடம் கிடைத்ததும் போனாள். பக்கத்தில் மாஸ்டர் இரண்டு கைகளையும் முழங்கால் மேல் வைத்து அழுத்திக்கொண்டு, 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று சொல்லியபடி வந்தார். எட்டு நிமிஷம், பத்து நிமிஷம், பதினைந்து நிமிஷம். இன்னும் ஒரே தெரு. அதன் முனையில் திரும்பினால் ஆபீஸ்.

அந்தத் தெருவில் இரண்டு பக்கமும் வேன்கள் நின்றிருந்தன. இரண்டு வேன்களுக்கு நடுவிலிருந்து ஓர் ஏணியின் முனை நீண்டது. முனை மட்டும். ஏணியைத் தோளில் வைத்திருந்த பெயிண்டர் அதற்குப் பின்னால் எங்கேயோ வந்துகொண்டிருந்தார்.

கார் நின்றது. குலுங்காமல், முனகாமல், ஏணிக்கு இரண்டு முழம் முன்னால் நின்றது. பெயிண்டர் வெளியே வந்து, காரைப் பார்த்து, ஒரு கையைத் தூக்கி நன்றி சொல்லிவிட்டு, நிதானமாக மறுபக்கம் போனார்.

"நல்லது" என்றார் பின்சீட்டு அம்மாள். இருபது நிமிஷத்தில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான். பென்சில் ஓடுகிற சத்தம் கேட்டது.

மாஸ்டர் குனிந்து தன் காலைப் பார்த்தார்.

கால் பிரேக் மேல் இருந்தது.

எப்போது போனது என்று அவருக்கே தெரியாது. போனது நிஜம். மணி அடிக்கவில்லை, ஒயர்தான் இல்லையே. அதிகாரி இருந்த இடத்திலிருந்து அவர் கால் தெரியாது. மனைவிக்கும் தெரிய வாய்ப்பில்லை. ஏனென்றால் அவர் கால் இறங்கியபோது பிரேக் அங்கே இல்லை. அது அதற்கு முன்னாலேயே கீழே போயிருந்தது. மாடிப்படி இன்னும் ஒன்று இருக்கிறது என்று நினைத்துக் காலை வைத்துத் தரையில் தடுமாறுவோமே, அப்படி ஆயிற்று அவருக்கு. அவள் கால் முந்திக்கொண்டிருந்தது.

ஆக, இந்த உலகத்தில் இந்த விஷயம் தெரிந்தவர் மாஸ்டர் ஒருவர்தான். இன்னொருவரும் உண்டு, அவர் ஊதாத் துணிக்குப் பின்னாலிருந்தும் பார்ப்பவர்.

* * *

ஆபீஸ் வாசலில் கார் நின்றது. ஹேண்ட் பிரேக்கை இழுத்துவிட்டு, நர்ஸம்மா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டாள். முகம் பளபளத்தது. அவள் இப்படிச் சிரித்து மாஸ்டர் பார்த்து ரொம்ப நாளாயிற்று. பின்னால் அதிகாரி எழுதிக்கொண்டிருந்தார். கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

மாஸ்டர் அவளையும் அந்தப் பென்சிலையும் மாறி மாறிப் பார்த்தார்.

சொன்னால் என்ன ஆகும்? டெஸ்ட் செல்லாது. வேலை போகும். தப்பு செய்தது அவர் கால், அபராதம் அவளுக்கா? தன் மனசாட்சியைச் சுத்தம் செய்துகொள்ள அவள் எதிர்காலத்தைத் துடைப்பமாக எடுப்பது எந்த ஊர் நியாயம்? சொல்லாவிட்டால் யாருக்கு நஷ்டம்? அவள் ஓட்டினாள், அவள் நிறுத்தினாள், எல்லாம் உண்மை. பேசாமல் இருடா என்றது மனசு. இந்த ஒரு நாள் பேசாமல் இருக்கத்தானே முப்பத்து மூன்று நாளாகப் பழகினாய் என்றது.

அப்போதுதான் அந்தப் பந்து ஞாபகத்துக்கு வந்தது.

பதினோரு வருஷத்துக்கு முன்னால் ஒரு பள்ளிக்கூட வாசலிலிருந்து உருண்டு வந்த ஆரஞ்சு நிறப் பந்து. பந்துக்குப் பின்னால் ஓடி வந்த ஒரு குழந்தை. கார் நின்றது. 'டிங்' என்று மணியும் அடித்தது. பின்சீட்டில் பாடத்துக்குக் காத்திருந்த மூன்று பேர் அதைக் கேட்டார்கள். "நான் முன்னாலயே அழுத்திட்டேங்க" என்று அவள் சொன்னாள். "பொய் சொல்லாதே, மணி அடிச்சதே! நான் மட்டும் இல்லேன்னா இன்னிக்கு ஒரு உசிரைக் கொன்னிருப்பே!" என்று மாஸ்டர் கத்தினார். ஒரு நர்ஸைப் பார்த்துச் சொன்ன வார்த்தை அது.

அன்றைக்கும் பிரேக் முன்னாலேயே கீழே போயிருந்தது. அன்றைக்கும் அந்தத் தடுமாற்றம் காலில் தெரிந்தது. தெரிந்தும், மூன்று மாணவர்கள் முன்னால் தான் பெரியவன் ஆவதற்காக, அதற்கு மேலே கத்தினார். பிறகு தினமும் கொஞ்சம் கொஞ்சமாக மறந்து, தான் சொன்னதையே நம்பியும் விட்டார்.

இதே காலைப் பற்றித்தான் அன்றும் வாயை மூடிக்கொண்டார். இன்றும் மூடிக்கொண்டால், இந்த முப்பத்து மூன்று நாளும் வெறும் தொண்டைக்கு ஓய்வு கொடுத்ததாகத்தான் கணக்கு.

"மேடம்" என்றார் மாஸ்டர். குரல் அவருக்கே கேட்கவில்லை. "மேடம், கையெழுத்துப் போடாதீங்க. அந்த ஏணி வந்தப்போ என் கால் பிரேக்ல பட்டுச்சு. மணி ஒயரை நான்தான் பிடுங்கி வெச்சிருந்தேன், மாட்ட மறந்துட்டேன். அதான் உங்களுக்குக் கேக்கல."

மனைவி திரும்பினாள். சிரிப்பு முகத்தில் பாதி ஒட்டிக்கொண்டிருந்தது.

"ஆனா ஒண்ணு மேடம். என் கால் போறதுக்கு முன்னாலயே பிரேக் கீழ இருந்துச்சு. நிறுத்தினது அவதான். நான் வெறும் காலை வெச்சேன்."

அதிகாரி மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"நீங்க சொல்லலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காது."

"தெரியும் மேடம்."

"கால் பட்டா டெஸ்ட் செல்லாது. யார் கால் முதல்லன்னு எழுத இந்தத் தாள்ல கட்டம் கிடையாது." தாளைக் கிழிக்காமல் குறுக்கே ஒரு கோடு மட்டும் போட்டார். பிறகு நர்ஸம்மாவைப் பார்த்தார். "உங்க ஓட்டத்தில நான் ஒரு தப்பும் எழுதலம்மா. மறுபடி வாங்க."

"எப்போ மேடம்?" என்றாள் அவள்.

"இப்போதைக்கு ஈஸ்டர் முடிஞ்சு மூணாவது வாரம்தான் இருக்கு. அதுக்கு முன்னால வர்ற புதன்கிழமை பத்து மணி ஒண்ணு இருந்தது, அதையும் ஒருத்தர் எடுத்துட்டார். அவரா விட்டுக்கொடுத்தா பார்க்கலாம்."

அந்தப் புதன்கிழமை பத்து மணி யாருடையது என்று மாஸ்டருக்குத் தெரியும். அவரே வரிசையில் நின்று எடுத்துக் கொடுத்த நேரம் அது, பங்குச் சாமியாருக்கு.

* * *

அதிகாரி உள்ளே போன பிறகும் இருவரும் காரிலேயே இருந்தார்கள்.

மாஸ்டர் திட்டுக்குக் காத்திருந்தார். வரவில்லை. திட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

"உன் வேலையைக் கெடுத்துட்டேன்" என்றார்.

"ஆமா" என்றாள் அவள். "கெடுத்துட்டீங்க. இப்போ எனக்கு உங்க மேல கோபம் கோபமா வருது. கொஞ்ச நேரம் பேசாதீங்க."

ஆபீஸ் வாசல் கேட்டை யாரோ திறந்தார்கள், யாரோ மூடினார்கள்.

"உன்கிட்ட இன்னொண்ணு சொல்லணும்" என்றார் மாஸ்டர், பொறுக்க முடியாமல். "அன்னிக்கு, அந்தப் பந்து உருண்டு வந்த அன்னிக்கு..."

அவள் சட்டென்று அவரைப் பார்த்தாள். பதினோரு வருஷத்தில் அந்தப் பந்தைப் பற்றி அவர் எடுப்பது இதுவே முதல் தடவை.

"அன்னிக்கும் உன் கால்தான் முதல்ல. எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சேதான் உன்னைக் கத்தினேன்."

அவள் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தாள். எதிரே சுவரைத் தவிர ஒன்றும் இல்லை. அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண்ணிலிருந்து நீர் தன்பாட்டுக்கு இறங்கியது, அவள் துடைக்கவில்லை.

"பதினோரு வருஷமா நான் என் காலை நம்பலங்க" என்றாள். "நீங்க பெரிய மாஸ்டர், நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும், நான்தான் அழுத்தினதா நினைச்சுக்கிட்டேன்னு எத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கிட்டிருப்பேன் தெரியுமா? வார்டுல மருந்து எடுக்கறப்போகூட ரெண்டு தடவை, மூணு தடவை பார்ப்பேன். ஒரு உசிரைக் கொன்னிருப்பேன்னு சொன்னீங்களே."

மாஸ்டருக்கு அழுகை வந்தது. ஊரெல்லாம் அதட்டுகிற மனிதர், பயிற்சிக் காரின் பக்கத்து சீட்டில் உட்கார்ந்து சின்னப் பிள்ளை மாதிரி அழுதார். 'ஆண்டவரே இரக்கமாயிரும்' என்று வாய் முணுமுணுத்தது. இந்த முறை அவர் எதையும் எண்ணவில்லை.

"என்னை மன்னிச்சிடு."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு அதே முந்தானையை அவர் பக்கம் நீட்டினாள்.

"மூக்கைச் சிந்திடாதீங்க, துவைச்ச சேலை" என்றாள். சொல்லும்போதே சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. "லைசென்ஸ் இன்னிக்கு இல்லேன்னா இன்னொரு நாள். இந்த உண்மை இன்னிக்கு இல்லேன்னா என்னிக்கு வந்திருக்கும்?"

"புதன்கிழமை பத்து மணி ஃபாதரோடது."

"தெரியும். உங்க முகத்தைப் பார்த்தப்பவே புரிஞ்சுது. நீங்கதான் கேக்கணும்."

"அவரு ரெண்டு தடவை கோட்டை விட்டவரு. எப்படிக் கேப்பேன்?"

"அது உங்க பாடு. இப்போ வீட்டுக்குப் போகலாமா?" அவள் சாவியைத் திருப்பினாள். திருப்பிவிட்டு, அவர் காலைப் பார்த்தாள்.

மாஸ்டரும் பார்த்தார். பிறகு குனிந்து ஷூவைக் கழற்றினார். சீட் பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டு, இரண்டு காலையும் தூக்கி, சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். சட்டப் புத்தகத்தில் இதற்கு என்ன பிரிவு என்று நமக்குத் தெரியாது.

"போ" என்றார். "இனிமே எட்டாது."

அவள் ஓட்டினாள். ரவுண்டானா வந்தது, போனது. பஸ் குறுக்கே வந்தது, அவள் நின்றாள், போனாள். மாஸ்டரின் கால் தொடைக்கு அடியில் இரண்டு தடவை துடித்துவிட்டு அடங்கியது. ஜன்னல் வழியே தெருவை வேடிக்கை பார்த்தார். இருபத்திரண்டு வருஷமாக இதே தெருவில் போகிறார். ஒரு மாடியில் யாரோ வரிசையாகச் செடித் தொட்டிகள் வைத்திருப்பது இன்றுதான் கண்ணில் பட்டது.

* * *

வீட்டு வாசலில் பங்குச் சாமியார் நின்றிருந்தார். பதினொரு மணிப் பாடத்துக்குப் பத்து நிமிஷம் முன்னாலேயே வந்துவிட்டார். கையில் சாலை விதிப் புத்தகம், முகத்தில் முழு வெளிச்சம்.

கார் அவருக்கு அருகில் வந்து பூ வைத்த மாதிரி நின்றது.

"மாஸ்டர்!" கண்ணாடி இறங்குவதற்குள் சாமியார் ஆரம்பித்துவிட்டார். "புதன்கிழமைக்கு நான் தயார். நேத்து கனவுல ரிவர்ஸ்கூட எடுத்துட்டேன். இந்தத் தடவை விடறதா இல்ல!"

கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள்.

சாமியார் குனிந்து உள்ளே பார்த்தார். நர்ஸம்மாவின் சிவந்த கண்களைப் பார்த்தார், அதற்குக் கீழே இருந்த சிரிப்பையும் பார்த்தார். பிறகு பக்கத்து சீட்டில் சம்மணம் போட்டிருந்தவரைப் பார்த்தார்.

"இது என்ன மாஸ்டர், புதுத் தவமா?"

"ஃபாதர், நாளைக்குப் பாவசங்கீர்த்தனத்துக்கு எத்தனை மணிக்கு உட்காருவீங்க?"

"வழக்கம்போல அஞ்சு மணிக்கு. ஏன், மறுபடியும் யாரையாவது கத்திட்டீங்களா?"

"இல்ல ஃபாதர்." மாஸ்டர் மெதுவாகக் காலைக் கீழே இறக்கி, பிரேக்கைத் தொடாமல், ஷூவைத் தேடினார். "நீங்க புதுசா ஒண்ணுமே இல்லையான்னு கேட்டீங்களே. ஒண்ணு இருக்கு. பதினோரு வருஷத்துப் பழசு, ஆனா உங்ககிட்ட இன்னும் கொண்டு வரல."